ராட்சச மிருகம் வாழுற காட்டுக் கிரகம், நம்புற மாதிரி எழுதுறது எப்படி?

திருமங்கலத்தான்:
வணக்கம் மக்களே, ரெண்டு வருசமா ஒரு கதை மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. வேற நட்சத்திரத்தச் சுத்துற கிரகம், பூராவும் அடர்ந்த காடு, அதுல நம்ம மதுரை மீனாட்சி கோயில் தெக்குக் கோபுரத்துல பாதி உசரத்துக்கு இலை திங்கிற மிருகம், அப்பறம் டவுன் பஸ் சைஸுல சிலந்தி. மாப்ள ஒருத்தன் படிச்சுட்டு அந்தச் சிலந்தி எந்திரிச்சு நிக்கவே முடியாதுங்குறான். ஏன்? எதை மாத்துனா நம்புவீங்க?

வைகைக்கரை வாத்தியார்:
தம்பி, உங்க மாப்ள சொல்றது சரிதான். 1638லயே கலிலியோ எழுதிட்டாரு. உடம்ப நீளம் அகலம் உசரம் மூணுலயும் ரெண்டு மடங்காக்குனா எடை எட்டு மடங்கு ஆகும், ஆனா காலோட குறுக்குவெட்டு நாலு மடங்குதான் ஆகும், அதனாலதான் யானைக்குத் தூண் மாதிரி கால், மானுக்குக் குச்சிக் கால். சிலந்திக்கு இன்னொரு கஷ்டம், ஓட்ட உரிச்சுப் போட்டுத்தான் அது வளரணும், உரிச்சதும் உடம்பு மெத்துனு இருக்கும், பஸ் சைஸுல இருந்தா தன் எடையிலயே நசுங்கிப்போகும். எடை குறையணும்னா கிரகத்தோட ஈர்ப்ப நம்ம பூமியோடதுல 70 சதவீதம்னு வைங்க, ரொம்பக் குறைச்சா காத்து தங்காது, 38 சதவீதம் இருக்குற செவ்வாய் கதிதான். சுமார் 30 கோடி வருசத்துக்கு முன்னாடி தும்பிக்குச் சொந்தக்காரப் பூச்சி ஒண்ணு ரெக்கைய விரிச்சா ரெண்டடிக்கு மேல இருந்துச்சு, அப்ப காத்துல ஆக்சிஜன் இப்ப இருக்குற 21 சதவீதத்த விட ஜாஸ்தின்னு சொல்றாங்க. ஆனா ஆக்சிஜன ஏத்துனா ஈர மரமே பத்திக்கும், அதையும் கதைக்குள்ள கொண்டு வரணும். பெரிய மிருகத்துக்கு நீள்கழுத்து டைனோசரப் பாருங்க, கழுத்தெலும்புக்குள்ள பறவைக்கு இருக்குற மாதிரி காத்துப் பை, அதான் அம்புட்டு நீளக் கழுத்தத் தூக்க முடிஞ்சுச்சு.

கம்பத்துக்காரி:
எடை கிடக்கட்டும்ணே, எனக்கு இடிக்கிறது காடு. அடர்ந்த காட்டுல அம்புட்டுப் பெருசு எப்படி நடக்கும்? ஆப்பிரிக்காவுல காட்டு யானை, புல்வெளி யானைய விடச் சின்னது. எங்க பக்கம் மேகமலை அடிவாரத்துல யானைத்தடம் பாத்திருக்கேன், ரெண்டு பக்கமும் புதர் சுவரு மாதிரி நிக்கும், நடுவுல மட்டும் தரை சிமெண்டு கணக்கா இறுகிக் கிடக்கும், மழை பேஞ்ச மறுநாள் ஒரு காலடிக் குழில தண்ணி நின்னு அதுல தலைப்பிரட்டை நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. யானையே ஒரு நாளைக்கு 150 கிலோ தின்னும், உங்க மிருகம் என்ன தின்னும்னு கணக்குப் போடுங்க, ஒரு எடத்துல நிக்கவே முடியாது, நடந்துக்கிட்டே இருக்கணும், அது போற தடந்தான் அந்தக் காட்டுக்கு ரோடு, வெளிச்சம் உள்ள விழுற ஒரே எடம். சாணியில விதை, அந்த விதைய நம்பித்தான் பாதி மரம். அப்பறம் திரும்புறது. மாசி வீதி முக்குல தேர் திரும்புறப்ப சக்கரத்துக்குக் கட்டை போட்டுப் போட்டு எம்புட்டு நேரம் ஆகுதுன்னு பாத்திருப்பீங்கள்ல, அது மாதிரி எழுதுங்க, சட்டுனு திரும்பிப் பாயுற மாதிரி வேணாம், மனசு ஒட்டாது.

திருமங்கலத்தான்:
அக்கா, வாத்தியாரே, ரொம்ப நன்றி. சிலந்திய ஆட்டுக்குட்டி சைஸுக்குக் குறைச்சுட்டேன், தரையில இல்ல, அந்த மிருகத்தோட முதுகுலயே பாசிக்குள்ள குடியிருக்குது. ஈர்ப்பு 70. ஒரு சந்தேகம், அந்தத் தடத்துல மரம் திரும்ப முளைக்காதா?

கம்பத்துக்காரி:
முளைக்கும். ஒரு வருசம் யானை வரலேன்னா செடி மூடிரும். அந்த மிருகம் வராமப் போன வருசத்துல இருந்து கதைய ஆரம்பிங்களேன்.