ஊசியைப் பிடுங்காத அக்கா: சேலத்திலும் ஏற்காட்டிலும் குயில்ட் கற்றவர்களின் அனுபவங்கள்

அழகாபுரத்திலிருந்து:

அம்மாப்பேட்டையில் ஓர் அக்கா இருக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கம்பக்கத்துக்கு பிளவுஸ் தைத்துக் கொடுத்தவர். இப்போது ஆர்டர் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு குயில்ட்தான் தைக்கிறார், அதாவது துணித்துண்டுகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டு முன்னறையில் நாலைந்து பேர் கூடுவோம். காசு கிடையாது. துணி நம்முடையது, காபி அவருடையது. புதிதாக வருகிறவர்களிடம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான், நாமும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது.

அவரிடம் ஒரு வழக்கம். கற்றுக்கொள்ள வந்தவர் கையிலிருந்து துணியை வாங்கித் தான் தைத்துக் காட்டமாட்டார். எவ்வளவு கோணலாகப் போனாலும் சரி, நேரம் எவ்வளவு ஆனாலும் சரி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார், வாயால் சொல்வார். அவ்வளவுதான்.

போன தீபாவளி சமயத்தில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். பை நிறைய டூ பை டூ பிளவுஸ் பிட். அதில் 2½ இஞ்ச் சதுரம் சதுரமாக வெட்டி, மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்து ஒன்பது கட்டம் போட்ட துண்டுகள் கொஞ்சம் தைத்து வைத்திருந்தாள். தையல் விளிம்பு கால் இஞ்ச் விட்டால் ஒவ்வொரு துண்டும் 6½ இஞ்ச் வரவேண்டும். அவளுடையதில் ஒன்று 6½, ஒன்று 6¼, இன்னொன்று இரண்டுக்கும் நடுவில். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கப் போனால் எதுவும் பொருந்தவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் வாடியிருந்தது.

அந்தத் துண்டுகளைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. "எல்லாத்தையும் பையில வை கண்ணு, இன்னைக்கு அது வேண்டாம்" என்றார். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று கீற்று வெட்டச் சொன்னார். மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்து, மடிப்பை அயர்ன் வைத்து அழுத்திவிட்டு, நடுக்கீற்றை மட்டும் அளக்கச் சொன்னார். தையல் சரியாக இருந்தால் நடுக்கீற்று ஒரு இஞ்ச் நிற்கும். அவளுக்கு ஒரு நூல், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, குறைந்தது.

"பாத்தியா, ஒவ்வொரு பக்கமும் அரை நூல் உள்ள தள்ளித் தைக்கிற. விஷயம் அவ்வளவுதான். உனக்குத் தைக்கத் தெரியாமல்லாம் இல்ல."

அப்புறம் மெஷின் தகட்டில் ஊசி இறங்கும் இடத்திலிருந்து கால் இஞ்ச் அளந்து, அந்தக் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொன்னார். அளந்ததும் ஒட்டியதும் அவள்தான். துணி ஓரம் டேப்பை உரசிக்கொண்டே போகவேண்டும், கண் ஊசியைப் பார்க்கக் கூடாது, டேப்பைத்தான் பார்க்கவேண்டும். மறுபடி மூன்று கீற்று. இன்னும் ஒரு மூன்று. இந்தத் தடவை நடுக்கீற்று இஞ்ச் டேப்பின் ஒரு இஞ்ச் கோட்டில் சரியாகப் போய் நின்றது. அந்தப் பெண் அதை எடுத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் அக்கா கணக்கைச் சொன்னார். ஒரு துண்டின் குறுக்கே நான்கு விளிம்பு உள்ளே போகிறது. ஓரத்துக்கு அரை நூல் என்றால் துண்டுக்குக் கால் இஞ்ச் போச்சு. வரிசைக்கு எட்டுத் துண்டு வைத்தால் இரண்டு இஞ்ச் போச்சு. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பயந்துபோய் மறு வாரம் வந்திருக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். கை சரியாக வந்த பிறகு சொன்னதால், தெரிந்துகொண்ட சந்தோஷத்தோடு கேட்டுக்கொண்டாள். பழைய துண்டுகளையும் வீணாக்கவில்லை. எல்லாவற்றையும் 6¼-க்கு வெட்டிச் சமப்படுத்தி சோபாவுக்கு இரண்டு குஷன் உறை தைத்துவிட்டாள்.

ஒரு நாளைக்கு ஒரு குறைதான் அவர் சொல்வார். துணியில் ஏழெட்டுக் கோளாறு தெரிந்தாலும், அன்றைக்குத் திருத்தினால் மற்றவை தானாகச் சரியாகும் என்று எது படுகிறதோ, அதை மட்டும். பாராட்டும் அப்படித்தான், மேம்போக்காக "சூப்பர்" என்று சொல்லமாட்டார். துணியைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பார். "இங்க ரெண்டு மடிப்பும் எதிரெதிரா படுத்திருக்கு பாரு, அதான் முனை நேரா வந்திருக்கு" என்பார். இது தெரியாதவர்களுக்காக: இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது ஒன்றின் மடிப்பு வலப்பக்கமும் மற்றதன் மடிப்பு இடப்பக்கமும் படிந்திருக்கவேண்டும். விரலால் நகர்த்தினால் இரண்டும் ஒன்றையொன்று முட்டி 'டக்'கென்று நிற்கும். அந்த இடத்தில் குண்டூசி குத்தினால் நாலு முனையும் ஒரே புள்ளியில் கூடும். எதற்காகப் பாராட்டு வாங்கினோம் என்று தெரிந்தால்தானே அடுத்த தடவை அதையே செய்ய முடியும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதல் குயில்ட்டை டபுள் காட் அளவில் ஆரம்பிக்க அவர் விடமாட்டார். வீடியோ பார்த்துவிட்டுப் பெரிய போர்வை ஆரம்பித்து, பாதியில் சுருட்டிப் பரண் மேல் போட்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். "முதல்ல தொட்டில் போர்வை. 36-க்கு 36. முடிச்சுட்டுப் பெருசுக்குப் போ" என்பார். முடிப்பதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, கைப்பிடி அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துக்கொண்டு வந்து, சுற்றிலும் ஓரத்தை மூடும் துணிப்பட்டியான பைண்டிங் போட்டு, நாலு மூலையையும் மடித்துத் திருப்பும்போதுதான் ஒருவர் குயில்ட் தைத்தவர் ஆகிறார். மேல்துணியை மட்டும் தைத்து அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த நம்பிக்கை வருவதில்லை.

குகையிலிருந்து:

நான் தையல்காரன். மேலே எழுதிய அம்மா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்த அக்கா கோணல் தையலைப் பிரிக்கச் சொல்லாமல் விட்டதைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் கோணல் தையலை ஒருநாளும் விட்டதில்லை. "பிரி" என்பார், வேறு பேச்சு கிடையாது. ஆனால் எப்படிப் பிரிப்பது என்றும் அவரே சொல்லித்தந்தார். ஒரு பக்கம் நாலு தையலுக்கு ஒன்றை மட்டும் வெட்டிக்கொண்டே வந்து, துணியைத் திருப்பி அடிநூலைப் பிடித்து இழுத்தால் முழு நீளமும் ஒரே நூலாக வந்துவிடும். துணி இழுபடாது, பிசிறு வராது. பிரிப்பது தண்டனை இல்லை, அதுவும் ஒரு வேலை என்று அப்போது புரிந்தது. பிரிக்கத் தெரிந்தவனுக்குத் தைக்கப் பயம் இருக்காது.

இன்றைக்கு என் கடைக்குக் குயில்ட் தைக்கும் பெண்கள் மெஷின் சந்தேகம் கேட்டு வருகிறார்கள். பாதிப் பேர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். பார்த்தால் ஊசியில்தான் கோளாறு. பிளவுஸுக்குப் போட்ட 11-ம் நம்பர் ஊசியிலேயே மூன்று அடுக்கையும் தைத்துக்கொண்டிருப்பார்கள். ஊசி வளையும், தையல் விடும். 14-ம் நம்பர் போட்டுக் கொடுத்தால் அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். சாதாரணப் பாதம் மேல்துணியைத் தள்ளிக்கொண்டே போகும், அடியில் இருக்கும் பல் அடித்துணியை இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் மேல்துணி ஒரு பக்கம் மலைபோல் குவிந்து நிற்கும். அதற்குப் பதிலாக வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தைப் போட்டால் மேலும் கீழும் சேர்ந்து நகரும். இதெல்லாம் கருவியின் விஷயம். புதிதாக வருகிறவருக்கு இதை முதலில் சொல்லிவிடவேண்டும். இல்லாவிட்டால் பாவம், தனக்குக் கைவரவில்லை என்று விட்டுவிடுவார்கள்.

ஏற்காட்டிலிருந்து:

இங்கே குயில்ட் ஆசைக்காக மட்டும் தைப்பதில்லை. 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி இராத்திரிக்கு ஒரு கம்பளி பத்தாது. எஸ்டேட் வேலைக்குப் போகும் வீடுகளில் பழைய சேலையை நாலைந்து அடுக்காக மடித்து, சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்ட போர்வை பாட்டி காலத்திலிருந்தே உண்டு. நடுவில் பஞ்சு கிடையாது, மெஷினும் கிடையாது.

ஊரில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார், ஓய்வு பெற்றவர். கையாலேயே குயில்ட் தைப்பவர். காபிப் பழம் எடுக்கும் மாதங்களில் யாருக்கும் நேரம் இருக்காது. மழைக்காலத்தில்தான் அவர் வீட்டில் கூட்டம் சேரும். யார் புதிதாகப் போனாலும் தனித்துணி தரமாட்டார். தன் மடியில் இருக்கும் குயில்ட்டின் இன்னொரு ஓரத்தைத் தூக்கி வந்தவர் மடியில் போடுவார். "இந்த வரிசை உன்னுது. நூல் முடியற வரைக்கும் தை."

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவருடைய தையல் இஞ்சுக்கு ஒன்பது பத்து இருக்கும். என்னுடையது நாலு. பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் நன்றாகவே தெரியும். அதை அவர் பிரிக்கவே இல்லை. நூல் முனையில் சின்ன முடிச்சுப் போட்டு, மேல்துணி வழியாக மெதுவாக இழுத்து, முடிச்சு 'டப்'பென்று பஞ்சுக்குள் இறங்கி மறைந்துபோவதை மட்டும் அன்றைக்குச் சொல்லித்தந்தார். அன்று முழுக்க நான் அதையே செய்துகொண்டிருந்தேன். அந்தக் குயில்ட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேருடைய தையல் இருக்கிறது, பெரிசும் சிறிசுமாக. டீச்சரம்மா அதைத்தான் தினமும் போர்த்திக்கொள்கிறார். நம் தையலை ஒருவர் நம்பிப் போர்த்திக்கொள்கிறார் என்பதைவிட வேறென்ன ஊக்கம் வேண்டும்?

குகை அண்ணன் சொன்னதையும் நான் மறுக்கவில்லை. பிளவுஸ் என்றால் பிரிக்கத்தான் வேண்டும், உடம்பில் உட்காராது. போர்வையில் கொஞ்சம் பெரிய தையல் யாரையும் குத்தாது.

டீச்சரம்மா கர்நாடகத்தில் வடகன்னட மாவட்டப் பக்கம் கொஞ்ச காலம் இருந்தவர். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த 'சித்தி' சமூகத்துப் பெண்கள் பழந்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஒரு மூலையில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி ஓரத்திலிருந்து நடுவுக்குத் தைத்துக்கொண்டு போவார்களாம். முடிக்கும்போது நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூ மாதிரி வைப்பார்களாம். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். எங்கள் குயில்ட்டுக்கும் நாலு மூலையில் அந்தப் பூ உண்டு.

மலையில் தைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பருத்திப் பஞ்சு வைத்த குயில்ட் மழை மாதங்களில் காயவே காயாது, பூஞ்சணம் பிடிக்கும். ஆடிக்கு முன்னால் துவைத்து வெயில் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் பாலியஸ்டர் பஞ்சு வையுங்கள், சீக்கிரம் உலரும்.

கன்னங்குறிச்சியிலிருந்து:

இதுவரை பட்டன்கூடத் தைத்ததில்லை. எங்கள் ஆத்தா போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய காட்டன் சேலை ஆறு இருக்கிறது. அதில் ஒரு சுங்குடி, இரண்டு மூன்று அம்மாப்பேட்டைச் சேலை. கூடவே இளம்பிள்ளையில் எடுத்த பளபளப்புச் சேலை ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போர்வையாகத் தைத்து அம்மாவுக்குக் கொடுக்க ஆசை. கத்தரியை எடுத்து வைப்பேன், வெட்ட மனசு வராது, மறுபடி மடித்து வைத்துவிடுவேன். என்னைப் போல ஒன்றும் தெரியாதவர் அம்மாப்பேட்டைக்கு வரலாமா?

அழகாபுரத்திலிருந்து:

தாராளமாக வாங்க. உங்கள் பதிவை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆத்தா சேலையில் இப்போதைக்குக் கத்தரி வைக்கவேண்டாம். அக்ரஹாரத்தில் ஏதாவது ஒரு கட் பீஸ் கடையில் பாப்ளின் இரண்டு நிறத்தில் வாங்கி, முதல் தொட்டில் போர்வையை அதில் தைத்து முடியுங்கள். கை பழகியதும் சேலைக்குப் போகலாம்.

அதுவரை வீட்டில் செய்துவைக்க வேண்டியது: எல்லாச் சேலையையும் தனித்தனியாக அலசுங்கள். பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும், அது வெட்டுவதற்கு முன்னாலேயே சுருங்கிவிடட்டும். சுங்குடிச் சாயம் விடும். ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை ஏறினால் மறுபடி அலசுங்கள், வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்கும் வரை. கொசுவம் வரும் இடமும் அடிக்கரையும் நைந்திருக்கும், முந்திப் பக்கம் தெம்பாக இருக்கும், முந்தியிலிருந்துதான் வெட்டவேண்டும். கட்டைவிரல் இரண்டையும் வைத்து இழுத்தால் கிழிகிற துணிக்கு அடியில் மல் துணி கொடுத்துத் தைக்கலாம். அதனால் நைந்த சேலை என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

இளம்பிள்ளைச் சேலை பட்டு மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் செயற்கை நூல்தான். பருத்திக்கு வைக்கும் சூட்டில் அயர்ன் வைத்தால் உருகிவிடும். அதை நடுவில் சேர்க்காமல், கடைசியில் சுற்றிப் போடும் பைண்டிங்குக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். வழுக்கும் துணி, கையால் முடிக்கவேண்டியிருக்கும். அது அப்போதைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை இரண்டரைக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மெஷின் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், அங்கே இரண்டு இருக்கிறது. பட்டன் தைக்கத் தெரியாது என்று சொன்னீர்களே, அதைக் கேட்டதும் அக்கா, "நல்லதாப் போச்சு, ஊசி பிடிக்கிறதுல இருந்து சொல்லித் தரலாம், வரச் சொல்லு" என்றார்.