நம்ம வீட்டுக் கல்யாணம் – கோயில் (சர்ச்) அலங்காரம்

சின்ன மாமா: பூக்காரரிடம் பேசிவிட்டேன். வாசலில் பெரிய பூ வளைவு, பெஞ்சு முனை ஒவ்வொன்றிலும் ஜெர்பரா கொத்து, ஜன்னலுக்கெல்லாம் வெள்ளைத் துணி. படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

சித்தி: ரொம்ப அழகு அண்ணா ❤️

பெரியம்மா: அழகுதான் தம்பி. ஆனால் ஜன்னலை மூடாதே. கத்திரி வெயில் மே 28 வரைக்கும் இருக்கிறது, கல்யாணம் அதற்குள் வருகிறது. ராயபுரத்தில் நமக்கு ஆறுதலே மத்தியானத்துக்கு மேல் வரும் கடல்காற்றுதான்.

சின்ன மாமா: மேற்குக் காற்று பலமாக அடித்தால் கடல்காற்று சாயங்காலம் வரைக்கும் எட்டிப் பார்க்காதே அக்கா?

பெரியம்மா: அதற்குத்தான் சொல்கிறேன், வளைவுக்குக் கொடுக்கும் பணத்தில் பந்தல்காரரிடம் பெரிய ஃபேன்களை வாடகைக்கு எடு. தண்ணீர் தெளிக்கும் ஃபேன் வேண்டாம். இந்தப் புழுக்கத்தில் அது குளிராது, பட்டுப்புடவைதான் நனையும்.

கல்யாணப் பொண்ணு: எனக்கும் வளைவு வேண்டாம் மாமா. அதன் அடியில் நின்று எல்லாரும் படம் எடுப்பார்கள், உள்ளே ஆயா வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜெர்பராவுக்குப் பதிலாகப் பனையோலை விசிறி கட்டலாமா? காம்பில் மல்லிச்சரம் சுற்றி. வருகிறவர்கள் அவிழ்த்து விசிறிக்கொள்ளட்டும்.

சித்தி: அய்யோ, நல்ல யோசனைடி! மல்லிக்கு இதுதான் சீசன். கம்பியால் கட்டாதீர்கள், புடவை மாட்டிக் கிழியும். நூலில் சுருக்கு முடிச்சு போட்டு நுனியைத் தொங்கவிட்டால், ஒரு இழுப்பில் விசிறி கையில் வந்துவிடும். பூ மொட்டாகத்தான் வாங்க வேண்டும். காலையில் பூக்கடையில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தால், சாயங்காலப் பூசைக்கு விரிய ஆரம்பிக்கும்.

அண்ணன்: தூணுக்குத் தோரணம் என் பொறுப்பு. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை முடைகிற பையன்கள் இருக்கிறார்களே, கிளி, பந்து எல்லாம் செய்வார்கள். பிளாஸ்டிக் பூ ஒன்றுகூட வேண்டாம்.

அண்ணி: தண்ணீரை என்னிடம் விடுங்கள். பூசைக்கு முன்னால் மோரும் சர்பத்தும் நீட்டாதீர்கள், நன்மை (நற்கருணை) வாங்குகிறவர்கள் அதற்கு 1 மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. அதனால் வாசலில் மண்பானைத் தண்ணீர் மட்டும். பூசை முடிந்ததும் மோர், நன்னாரி சர்பத், நுங்கு. யாருக்காவது தலைசுற்றினால் கொடுக்க 1 லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து தனியாக வைத்திருப்பேன். டீஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும்.

பெரியம்மா: நல்லா இரும்மா. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பிரசங்கம் நடக்கும்போதே ஒரு பெரியவர் மயங்கிவிட்டார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை.

அண்ணி: ஆயாவைப் பக்கக் கதவுக்கு அருகில் உட்கார வைக்கலாம். காற்றும் வரும், பாத்ரூமும் அந்தப் பக்கம்தான்.

சித்தி: ஆயா பக்கத்தில்தான் இருக்கிறார்கள். சொல்லச் சொன்னது இது: “நான் முன்னாடிதான் உட்காருவேன். என் பேத்திக்குத் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டாமா?”

கல்யாணப் பொண்ணு: ஆயா 😭 முதல் வரிசையிலேயே கதவுப் பக்க முனை உங்களுக்கு. கைப்பிடி வைத்த நாற்காலி போடச் சொல்கிறேன்.

அண்ணன்: பாட்டுப் புத்தகத்தைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கலாம். ஆயாவோடு வருகிற எல்லாருக்குமே கண்ணாடி தேடுகிற வயசு. அப்புறம், நடுப்பாதையில் பூ இதழ் தூவ வேண்டாம் என்று ஃபாதர் சொன்னார், தரை வழுக்குமாம்.

சின்ன மாமா: சரி. பூ வளைவு, ஜன்னல் துணி, ஜெர்பரா மூன்றும் வேண்டாம் என்று பூக்காரரிடம் சொல்லிவிட்டேன். தாம்பரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கார் எடுத்து வர வேண்டாம், சனிக்கிழமை எம்.சி. ரோட்டில் புடவைக்கடைக் கூட்டம் நெரியும். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கட்டும், நான் ஆட்டோ நிறுத்தி வைக்கிறேன். விசிறி எத்தனை சொல்லட்டும்?

கல்யாணப் பொண்ணு: பெஞ்சுக்கு நாலு மாமா. முனையில் இரண்டு கட்டலாம், நடுவில் உட்காருகிறவர்களுக்கு இரண்டு.

சின்ன மாமா: சொல்லிவிடுகிறேன் பாப்பா 👍