எனக்குக் குளிருது, என்னை ஆசைப்படுது: ஒரு ஐஸ்லாந்திக் டீச்சரின் அனுபவம்

வெளிநாட்டில் டீச்சராக ஆங்கிலம், கணக்கு எடுத்த கதைகளை இந்தக் குழுவில் எல்லோரும் எழுதுகிறீர்கள், என்னுடையது கொஞ்சம் கோணல். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக் பக்கத்தில் ஒரு சர்வதேசப் பள்ளியில் பகுதிநேரமாக இந்த ஊர் மொழியான ஐஸ்லாந்திக் சொல்லிக்கொடுக்கிறேன். ஆமாம், தென்காசிக்காரி, ஐஸ்லாந்திக். இங்கே பல்கலைக்கழகத்தில் ஐஸ்லாந்திக்கை இரண்டாம் மொழியாகப் படிக்க ஒரு பட்டப்படிப்பு உண்டு. அதை முடித்து, மழலையர் பள்ளியில் கொஞ்ச நாள் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, அப்புறம் இந்த வேலை. பகுதிநேரத்தை இங்கே சதவீதத்தில்தான் சொல்வார்கள், என்னுடையது 40% வேலை. வீட்டில் உட்கார்ந்து தயார் பண்ணுவதைச் சேர்த்தால் 70 வரும், அது வேறு கதை.

பிள்ளைகளில் பாதிப்பேர் இரண்டு மூன்று வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். "சுமார் 4 லட்சம் பேர் இருக்கிற நாடு, கடையில் ஆங்கிலம் பேசினால் போதும், இதை எதுக்குப் படிக்கணும்?" என்று பெற்றோர் நேராகவே கேட்பார்கள். பதில் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டது. இப்போது இடைவேளையில் என்ன தேவையோ அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

டிசம்பரில் சூரியன் 11 மணி தாண்டித்தான் வரும், முதல் இரண்டு பீரியடும் ஜன்னலுக்கு வெளியே நடுராத்திரி மாதிரி இருக்கும். அதற்காக இடைவேளையில் உள்ளே வைத்துக்கொள்வதெல்லாம் கிடையாது, விளக்கு வெளிச்சத்தில் பனியில் விளையாடுவார்கள். ஒருநாள் கையுறையைத் தொலைத்த ஒரு ஏழு வயசுப் பிள்ளை, விரலெல்லாம் சிவந்து என்னிடம் வந்து "யேக் எர் கல்ட்" என்றாள். அதாவது "நான் குளிர்". ஆங்கிலத்தை அப்படியே இறக்கி வைத்த வாக்கியம். ஐஸ்லாந்திக்கில் "மியெர் எர் கல்ட்" என்று சொல்ல வேண்டும். மியெர் என்றால் என்ன? எனக்கு! எனக்குக் குளிருது. முதல்முதலாக இதைப் படித்த நாள் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். வயிறு வலித்தாலும் "எனக்கு"தான், பிடித்தாலும் "எனக்கு"தான். "எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்பதைக்கூட "மியெர் எர் ஸாமா" என்று வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்லலாம், வகுப்பே இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டது, வீட்டுப்பாடம் பற்றிப் பேசும்போது ரொம்ப உபயோகம்.

சரி, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டே "க்வெர்யும் எர் கல்ட்?" என்று கேட்டேன், யாருக்குக் குளிருது? அவள் முழித்தாள். பக்கத்தில் நின்ற போலிஷ் பையன் "மியெர்!" என்று கத்தினான். அவன் மொழியில் ஏழு வேற்றுமை, குளிர்வதும் "எனக்கு"தான், அவனுக்கென்ன. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் இது மலை.

இந்தத் தெனாவட்டில்தான் மாட்டிக்கொண்டேன். ஐஸ்லாந்திக்கைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, அதை வேறொருவர் எடுப்பார். அவருக்குக் காய்ச்சல், என்னை அனுப்பினார்கள். பத்து வயசுக் கூட்டம். "எனக்கு இந்தக் கதையைப் படிக்க ஆசை" என்பதை "மியெர் லௌங்கர்" என்று ஆரம்பித்தேன். மூன்று கை மேலே போனது. "மிக் லௌங்கர்" என்றான் ஒரு பையன், ரொம்ப மரியாதையாக. ஆசைப்படுவது இவர்களுக்கு "எனக்கு" இல்லை, "என்னை". என்னை ஆசைப்படுது! இரண்டாம் வேற்றுமை. காது வரை சூடாகிவிட்டது எனக்கு. அப்புறம் டீச்சர்கள் அறையில் சொன்னால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், ஏனென்றால் உள்ளூர்க்காரர்களே நிறையப் பேர் இதே தப்பைத்தான் செய்கிறார்கள், அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள், தமிழில் சொன்னால் "நான்காம் வேற்றுமை நோய்". காபியைக் கையில் கொடுத்து, "உனக்கும் தொற்றிவிட்டது, இனி நீ ஊர்க்காரி" என்றார் ஒருவர். அவர்களுக்கு எங்கிருந்து தொற்றியதோ, எனக்குத் தென்காசியிலேயே தொற்றியது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பதில், அக்குரேரியிலிருந்து:

அக்கா, நான் வடக்கே ஹோட்டல் சமையலறையில் இருக்கிறேன், மாலையில் பெரியவர்களுக்கான வகுப்புக்குப் போகிறேன். எனக்கு எண்கள்தான் எமன். ஒன்றிலிருந்து நான்கு வரை ஆண்பால், பெண்பால், அஃறிணை மாதிரி ஒன்று என்று மாறும், அதோடு வேற்றுமை வேறு. மூன்று பையன் என்றால் த்ரீர், மூன்று பெண் என்றால் த்ரியௌர், மூன்று குழந்தை என்றால் த்ரியூ. நம்மிடம் ஒருவன், ஒருத்தி, ஒன்று இருக்கிறதே என்று மனசைத் தேற்றினாலும், இவர்களுக்கு நாற்காலி ஆண், புத்தகம் பெண்! பேக்கரியில் இரண்டு ரொட்டி கேட்கப் பயந்து ஐந்தாக வாங்கிக்கொண்டு வருவேன், ஐந்து எப்போதும் ஐந்துதான். அறையில் இருக்கிற பையன்கள் நான் ரொம்பத் தாராளம் என்று நினைக்கிறார்கள். நீச்சல்குளச் சுடுநீர்த் தொட்டியில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள், ஒருநாள் எனக்கு ஆங்கிலம் தெரியாது என்றே சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஒரு தாத்தா ஒரு மணி நேரம் மீன்பிடிக் கதை சொன்னார். பாதி புரிந்தது.

பதில், கோபவோகுரிலிருந்து:

என் பையனுக்கு ஆறு வயசு. பள்ளி முடிந்து அங்கேயே இருக்கும் விளையாட்டு நேரத்தில், "இன்னிக்கு அம்மா கூப்பிட வருவாங்க" என்று ஐஸ்லாந்திக்கில் சொல்லியிருக்கிறான், அம்மாவை மட்டும் அம்மா என்றே விட்டுவிட்டான். ஐஸ்லாந்திக்கில் அம்மா என்றால் பாட்டி! நான் போய் நின்றால், அங்கே இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "பாட்டி நீங்களா?" என்கிறாள். முப்பத்திரண்டு வயசு எனக்கு. அன்று இரவே பையனுக்கு "மம்மா" என்று சொல்லப் பழக்கினோம், அதிலிருந்து வீடியோ காலில் என் மாமியாரை "அம்மா, அம்மா" என்று கூப்பிடுகிறான். பேரன் தன்னை அம்மா என்கிறானே என்று அவங்களுக்கு ஒரே பூரிப்பு, தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. நான் எதையும் விளக்கப் போகவில்லை.