திருகோணமலை உப்புவெளிக் கரைக்கு மணல் போடுவதானால் காசு யாருடையது?

நிலாக்கடல்:
வாடைக்காலத்தில் கடல் கரையை அரிப்பதும், கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் மணலில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதும் நமக்குப் புதிதன்று. இம்முறை எங்கள் ஒழுங்கை முடிவில் சரிந்து நிற்கும் தென்னையின் வேர்க்கட்டு என் இடுப்பளவுக்கு வெளியே தெரிகிறது. அதனருகே ஒரு விடுதி அடுக்கிய மணல்மூட்டைகள் கிழிந்து கிடக்கின்றன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, சுற்றுலா அதிகாரசபை ஏற்றுக்கொண்ட விடுதிகளிடமிருந்து முந்திய ஆண்டு வரவின் 1 சதவீதம் வரை அனுமதிக் கட்டணமாகச் சபை அறவிடலாம். அதில் பாதியைக் கரைக்கென்று தனிக்கணக்கில் ஒதுக்கினால் என்ன? அமெரிக்காவின் நாக்ஸ் ஹெட் என்ற சிறு நகரம் 2011இல் ஏறத்தாழ 3 கோடியே 60 இலட்சம் டொலர் செலவில் 16 கிலோமீற்றர் கரையை நிரப்பியது. மத்திய அரசின் காசு அதில் இல்லை. மாவட்டம் தங்குமிட வரியிலிருந்து கொடுத்தது. நகரம் ஆதன வரியை உயர்த்தி, கடலோர வீட்டுக்காரரிடம் கரையிலிருந்து தள்ளி உட்புறத்தில் இருப்பவரைவிடக் கூடுதலாக வாங்கியது.

கணக்குப்பிள்ளை:
நான் சிறு விடுதி நடத்துபவன். நீங்கள் சொன்ன 1 சதவீதத்துக்கு மேலதிகமாக, 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டப்படி இன்னொரு 1 சதவீதம் கொழும்பில் உள்ள நிதியத்துக்குப் போகிறது. வாடை தொடங்கினால் அறைகள் வெறுமையாகிவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நாக்ஸ் ஹெட் கதையையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அங்கே 2019இல் மறுபடியும் மணல் போட வேண்டி வந்தது. அப்போது மத்திய அரசின் பேரிடர் நிதியும் தேவைப்பட்டது. மணல் போடுவது வீடு கட்டுவது போன்றதன்று, வருடாவருடம் கூரை வேய்வது போன்றது. அதோடு, நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள கரையோர வலயத்தில் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியின்றிச் சபை எந்த வேலையையும் தொடங்க முடியாது. அதிகாரம் கொழும்பிடம் இருக்கும்போது பில் மட்டும் எங்களுக்கா?

நிலாக்கடல்:
திரும்பத் திரும்பச் செலவு வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஒருமுறை மானியம் கேட்காமல் நிரந்தர வருமானம் கேட்கிறேன். கொழும்பு கொடுக்கட்டும் என்றால், எந்தக் கரைக்கு என்பதையும் கொழும்பே தீர்மானிக்கும். 2020இல் கல்கிசையிலும் களுத்துறையிலும் மணல் கொட்டப்பட்டு, அதில் பெரும்பகுதி சில மாதங்களில் கடலோடு போனதாக எழுந்த சர்ச்சையை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில்கூட மத்திய அரசு முதல் நிரப்பலுக்கு வழமையாக 65 சதவீதம் தந்தாலும், மிச்சப் பங்கைக் கையில் வைத்திருக்கும் ஊருக்கே வேலை நடக்கும். நம் சபையிடம் கையில் ஒன்றுமில்லை.

கரைவலைவீடு:
இருவரும் விடுதியைச் சுற்றியே பேசுகிறீர்கள். கரைவலை இழுக்க மேடுபள்ளமில்லாத, கல்லில்லாத கரை வேண்டும். அரிப்புக்கு அஞ்சி விடுதிகள் கொட்டிய கருங்கல்லில் எங்கள் அப்பாவின் வலைமடி கிழிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கிழிசலைப் பொத்த மூன்று நாள் தொழில் போனது. மணல்மேட்டைச் சமப்படுத்தி, மணலைப் பிடித்துவைக்கும் அடம்பன் கொடியைப் பிடுங்கியவர்கள்தாம் இன்று மணல் கேட்கிறார்கள். திரண்டால் மிடுக்கு என்று பழமொழி சொல்லும் கொடி அது. அதைப் பிடுங்கிவிட்டு டொலர் கணக்குப் பேசுகிறோம். நிதி சேர்ப்பதானால் கடலை ஒட்டி மதில் கட்டியவர் கூடுதலாகவும், வாடி போட்டிருக்கும் மீனவர் ஒன்றுமில்லாமலும் என்று எழுதுங்கள். பொதுக்காசில் வந்த கரைக்கு வீதியிலிருந்து போகும் ஒழுங்கைகளை எந்த விடுதியும் அடைக்கக்கூடாது என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
ஒழுங்கை பற்றி எனக்கு மறுப்பில்லை. இருக்கிற 1 சதவீதத்தில் பாதியைச் சபை ஒதுக்கி, வாடைக்கு முன்னும் பின்னும் கரையின் அகலத்தை அளந்து அந்தக் கணக்கோடு சேர்த்துப் பலகையில் ஒட்டுவதானால், எதிர்க்கமாட்டேன். புதிதாக ஒரு வரி என்றால் மட்டும் என் கையொப்பம் கிடைக்காது. மதிலுக்குக் கூடுதல் என்பதைப் பொறுத்தவரை, என் மதில் அனுமதியோடு கட்டியது. அனுமதியில்லாமல் கட்டியவரிடமிருந்து முதலில் தொடங்குங்கள்.