அப்டேட்: பழைய ஸ்போர்ட்ஸ் கார், சூடானா அணையுற பிரச்சனை தீர்ந்துச்சு

போன மாசம் புலம்பியிருந்தேன்ல, 1973 மாடல் ரெண்டு சீட்டர், தினமும் ஆபீஸுக்கு ஓட்டுறேன், சூடானதும் சிக்னல்ல அப்படியே அணைஞ்சுடுது, அரை மணி நேரம் ஆறினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுதுன்னு. பாதிப் பேர் வேப்பர் லாக்னு (சூட்டுல பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி எஞ்சினுக்குப் போகாம நிக்குறது) சொன்னீங்க, நானும் நம்பி பெட்ரோல் லைனுக்கு ஹீட் ஸ்லீவ் எல்லாம் சுத்திப் பார்த்தேன், ம்ஹூம்.

கடைசில அணைஞ்ச இடத்துலயே பானெட்டைத் திறந்து ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி எஞ்சின் பிளாக்ல வச்சு, கூட இருந்த தம்பிய ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னா, ஸ்பார்க் மஞ்சளா சோம்பேறித்தனமா வருது. நீலமா பளிச்சுன்னு அடிக்கணும். குற்றவாளி கண்டென்சர்! ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற தம்மாத்தூண்டு டப்பா, சூடானதும் கையை விரிச்சிடுது, அதனால ஸ்பார்க்குக்காக கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற பாயின்ட்ஸும் கருகிக் கிடந்துச்சு. கொடுமை என்னன்னா அது நானே ஆறு மாசம் முன்னாடி புதுசா போட்டது. ரெண்டையும் மாத்தி பாயின்ட்ஸ் திறக்குற இடைவெளியை 0.4 மி.மீ. வச்சேன், மூணு வாரமா ஒரு தடவை கூட நிக்கல.

"வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுங்க, தாங்கும்"னு சொன்னவங்களுக்கு: என் அனுபவம் உல்டா. சும்மா நின்னாத்தான் கார்புரேட்டர்ல பெட்ரோல் பிசுபிசுன்னு படியுது, சீல் காயுது, பிரேக் பிடிச்சுக்குது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு பழைய ரப்பர் ஹோஸ் தாங்காதுன்னு அதையும் மாத்தியாச்சு.

மழை பெஞ்சா இன்னும் இடது முழங்கால்லதான் சொட்டுது, அதை விடுங்க.