தக்காளியில் பால் திரிந்தது, பாஸ்தா களியானது: வரும் சனிக்கிழமைக்குள் யாராவது வழி சொல்லுங்கள்

மொட்டைமாடி, நங்கநல்லூர்
திங்கள், இரவு 9.40

போன சனிக்கிழமை கல்லூரித் தோழிகள் ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். வாயை விட்டது நான்தான். "வெளியே போனால் ஆளுக்கு எழுநூறு எண்ணூறு ஆகும், வீட்டுக்கு வாங்கடி, இத்தாலியன் செஞ்சு தரேன்" என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த இத்தாலி, அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் வாரம் ஒரு முறை சாப்பிடும் பிங்க் சாஸ் பாஸ்தா மட்டும். அதையே செய்துவிடலாம், என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கே தப்பு என்று நீங்களே பாருங்கள்.

ஆறு பேருக்கு ஒரு கிலோ பென்னே. வீட்டில் கைக்கு எட்டிய பெரிய பாத்திரம் ஐந்து லிட்டர் குக்கர். பாஸ்தா மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், ஒரு ஸ்பூன் உப்பு, ஒட்டாமல் இருக்க இரண்டு ஸ்பூன் எண்ணெய், மூடி போட்டு இரண்டு விசில். பருப்புக்கு மூன்று வைக்கிறோமே, இதற்கு இரண்டு போதாதா என்பது என் கணக்கு. முதல் விசிலிலேயே கஞ்சி பீறிட்டுச் சுவர் டைல்ஸ் வரை தெறித்தது. ஆவி அடங்கித் திறந்தால் மேல் பாதி கொழகொழ, கீழ்ப் பாதி அடிப்பிடித்த பாளம். கரண்டியை நட்டேன், நின்றது.

சரி, சாஸாவது காப்பாற்றும் என்று பார்த்தேன். தக்காளி விழுது தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜிலிருந்து அரை லிட்டர் பாலை எடுத்து அப்படியே ஊற்றினேன். ஒரு நிமிஷம் அழகான ரோஸ் நிறம். ஹாலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தேன். ஓரமெல்லாம் தண்ணீர் பிரிந்து, நடுவில் வெள்ளைத் திப்பியாக மிதந்தது. எட்டிப் பார்த்த ஒருத்தி, "என்னடி, திரட்டுப்பால் கிளறுறியா?" என்றாள். பூண்டு ரொட்டி தோசைக்கல்லில் கரிந்த கதையைச் சொல்லவே வேண்டாம்.

ஆளுக்கு இரண்டு ஸ்பூன் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சாதம் இருக்கு, மோர் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

வரும் சனிக்கிழமையும் வருகிறார்களாம். வேடிக்கை பார்க்கத்தான். ஓவன் கிடையாது. முட்டை சமையலறைக்குள் வரக்கூடாது, அது அம்மா சட்டம். பால் ஏன் திரிந்தது? பாஸ்தாவை எப்படித்தான் வேகவைப்பது?

மாம்பலத்து அடுப்படி
திங்கள், இரவு 10.25

அம்மாடி, பனீர் எப்படிச் செய்கிறோம்? கொதிக்கும் பாலில் எலுமிச்சம்பழம் பிழிகிறோம், திரிகிறது. நீ எலுமிச்சைக்குப் பதிலாகத் தக்காளியை வைத்துக்கொண்டு பனீர் செய்திருக்கிறாய், அவ்வளவுதான். அதிலும் நாட்டுத் தக்காளி வாங்கியிருப்பாய். ரசத்துக்கு அதுதான் உயிர், பால் சேர்க்கிற காரியத்துக்கு அந்தப் புளிப்பு ஆகாது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் பாலில் இருக்கும் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திப்பியாகிவிடும். கடைக்காரர்கள் பாலா ஊற்றுகிறார்கள்? கிரீம். அதில் கொழுப்பு ஜாஸ்தி, புரதம் கம்மி, அதனால் சுலபத்தில் திரியாது.

பால்தான் வேண்டும் என்றால் மோர்க்குழம்பை நினைத்துக்கொள். அரிசியும் துவரம்பருப்பும் ஊறவைத்து அரைத்துவிடுகிறோமே, எதற்கு? ருசிக்கு மட்டும் இல்லை. அந்த மாவு இருந்தால்தான் மோர் சூட்டில் பிரியாமல் நிற்கும். அதே வேலையை இங்கே மைதா செய்கிறது. வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அது உருகியதும் மைதா இரண்டு மேசைக்கரண்டி, சிறு தீயில் பச்சை வாசனை போக வறு, சிவக்க விடாதே. அப்புறம் அரை லிட்டர் பால், காய்ச்சி ஆறவைத்தது. முதலில் ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பசை போலக் குழை. அது சமமானபின் அடுத்த கரண்டி. நான் முதல் தடவை மொத்தப் பாலையும் ஒரே வீச்சில் கவிழ்த்துவிட்டு, சுண்டைக்காய் சுண்டைக்காயாகக் கட்டி விழுந்து, கடைசியில் மிக்ஸியில் அடித்து வடிகட்டிப் போட்டேன். பையனுக்கு இன்று வரை தெரியாது.

இந்த வெள்ளைக் குழம்பு தனி அடுப்பு, தக்காளி தனி அடுப்பு. தக்காளி பெங்களூர் ரகம் ஒரு கிலோ வாங்கு, சதை கெட்டியாக இருக்கும். வெந்நீரில் போட்டுத் தோலை உரித்துக் கையால் மசித்து, எண்ணெய் ஓரத்தில் கக்கும்வரை சுண்டவிடு. அரை மணி நேரமாவது ஆகும், நடுவில் ஹாலுக்குப் போகாதே. துளி வெல்லம். தீயை அணைத்து இரண்டு நிமிஷம் கழித்து, தக்காளியை வெள்ளைக் குழம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். மறுபடி தளதளவென்று கொதிக்கவிட்டால் நான் பொறுப்பில்லை.

கப்பல் கிச்சன், ராயபுரம்
செவ்வாய், காலை 6.15

தங்கச்சி, மாமி சாஸைச் சொல்லிவிட்டார். பாஸ்தாவுக்கு நான். இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரன். குக்கரை முதலில் பரணில் ஏற்று.

இத்தாலிக்காரன் கணக்கு பத்துப் பத்தாகப் போகும்: 10 கிராம் உப்பு, 100 கிராம் பாஸ்தா, 1000 மில்லி தண்ணீர். ஆறு பேருக்கு அரைக்கிலோவே தாராளம், ஒரு கிலோ என்பது கல்யாணக் கணக்கு. ஆக ஐந்து லிட்டர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி உப்பு. உங்கள் தெருவில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும் என்றால் இரண்டு போதும். ஐந்து லிட்டர் கொள்ள ஏழு லிட்டர் பாத்திரமாவது வேண்டும். பொங்கல் அன்று எடுக்கும் பெரிய குண்டான் எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும்.

தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆடும்போது போடு. முதல் இரண்டு நிமிஷம் கிளறு. அந்த நேரத்தில்தான் ஒன்றோடொன்று ஒட்டும். எண்ணெய் ஊற்றாதே. அது மேலே மிதந்து, வடிக்கும்போது பாஸ்தா மேல் படியும், அப்புறம் சாஸ் வழுக்கிக்கொண்டு போய்விடும். பாக்கெட்டில் 11 நிமிஷம் என்று இருந்தால் 9இல் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார். நடுவில் ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளி தெரியவேண்டும். அவர்கள் 'அல் டென்டே' என்பது அதைத்தான், பல்லுக்குத் தட்டுப்படவேண்டும் என்று அர்த்தம். அந்த நிலையில் கண் கரண்டியால் அள்ளி நேராகச் சாஸுக்குள் போடு. மிச்ச இரண்டு நிமிஷம் அங்கே வேகட்டும். பச்சைத் தண்ணீரில் அலசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதே. நம்ம சோற்றுக் கஞ்சி மாதிரிதான், ஒரு டம்ளர் எடுத்து வை. சாஸ் இறுகினால் அதை விட்டுக் கிளறு, பளபளவென்று வரும். சீஸ் சேர்க்கும்போதும் இந்தக் கஞ்சிதான் காப்பாற்றும். ஒரு தடவை ரோமாபுரி ஆட்கள் செய்யும் மிளகு சீஸ் பாஸ்தாவைப் பதினெட்டுப் பேருக்குச் செய்யப்போய், கொதிக்கும் சட்டியிலேயே சீஸைக் கொட்டினேன். மொத்தமும் சுருண்டு ரப்பர் பந்தாகிவிட்டது, தட்டில் போட்டால் துள்ளும். அன்றைக்குக் கேப்டன் பிஸ்கட் சாப்பிட்டார். இந்தக் கட்டி விழும் விவகாரத்தை இத்தாலிய இயற்பியல்காரர்களே உட்கார்ந்து ஆராய்ந்து, 2025இல் அதற்கு இக் நோபல் பரிசும் (சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்குத் தருவது) வாங்கிவிட்டார்கள். சீஸ் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மாவுச்சத்து இருந்தால் பிரியாதாம். செய்தியை மகள் காட்டினாள். எனக்குப் பந்து ஞாபகம் வந்தது.

மேன்ஷன் மூன்றாம் மாடி, திருவல்லிக்கேணி
செவ்வாய், பகல் 1.05

அக்கா, சாஸ் பயமாக இருந்தால் பெஸ்டோ செய்யுங்கள், பாஸ்தாவில் பிரட்டும் பச்சைத் துவையல் மாதிரி, அதற்கு அடுப்பே வேண்டாம். ஆனால் நான் செய்த மாதிரி செய்யாதீர்கள்.

பேசில் இலை என்று செய்முறையில் இருந்தது. பேசில் என்றால் துளசிதானே என்று பார்த்தசாரதி கோயில் வாசலில் பூக்காரம்மாவிடம் இருபது ரூபாய்க்குத் துளசி வாங்கி, முந்திரி, பூண்டு, எண்ணெய் எல்லாம் போட்டு அரைத்தேன். ரூம்மேட்டுகள் மூன்று பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வாய் வைத்தவன் கண்ணை மூடிக்கொண்டு, "தீர்த்தம் ஆச்சு, சடாரி எப்போடா?" என்றான். இன்னொருவனுக்குச் சளி இருந்தது, அவன் மட்டும் முழுக்கச் சாப்பிட்டான்.

கப்பல் கிச்சன், ராயபுரம்
செவ்வாய், பகல் 2.30

தம்பி, துளசிக்கு அக்கா தங்கை முறைதான், ஆனால் வேறு செடி. நமக்கு வேண்டியது திருநீற்றுப்பச்சிலை. ஃபலூடாவில் கறுப்பாக ஊறி நிற்கும் சப்ஜா விதை இருக்கிறதே, அதன் செடி. இத்தாலியில் வளர்ப்பதும் இந்த இனம்தான், அங்கே இலை இன்னும் பெரிது, காரம் குறைவு. மேன்ஷன் ஜன்னலில் பழைய பெயின்ட் டப்பாவில் சப்ஜாவைத் தூவிவிடு, முளைக்கும்.

பெஸ்டோவுக்கு ஊர் இத்தாலியில் ஜெனோவா. அங்கே பளிங்கு உரலில் வைத்துத்தான் நசுக்குவார்கள், மிக்ஸிச் சூட்டில் இலை கறுத்துவிடும் என்பதால். உன்னிடம் மிக்ஸிதான் என்றால் ஜாரைப் பத்து நிமிஷம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, விட்டு விட்டு ஓட்டு. அரைத்ததை அடுப்பில் ஏற்றாதே. பாஸ்தாவோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்துப் பிரட்டுவது அந்த ஊர் வழக்கம். நான் நம்பாமல் சாப்பிட்டேன், அப்புறம் இரண்டாவது தட்டு கேட்டேன்.

மொட்டைமாடி, நங்கநல்லூர்
புதன், இரவு 8.50

மாமி, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. மோர்க்குழம்பு என்று சொன்னதும் அம்மாவே எழுந்துவந்து படித்தாள். ஒரு சந்தேகம்: பார்மேசான் சீஸ் வாங்கலாமா? ஒரு தோழி அது சைவம் இல்லை என்கிறாள். பால்தானே?

கப்பல் கிச்சன், ராயபுரம்
புதன், இரவு 9.30

தோழி சொல்வது சரி. அசல் பார்மேசானை, இத்தாலியில் பார்மிஜானோ என்பார்கள், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் போட்டுத்தான் உறையவைக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. அம்மா இருக்கும் சமையலறைக்கு வேண்டாம். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்து உள்ளூர் சீஸ் வாங்கு. சாதாரணப் பிராசஸ்டு சீஸ் கட்டியே போதும். அதில் பிரியாமல் இருக்க உப்பு வகைகள் சேர்த்திருப்பார்கள், சொதப்புவது கஷ்டம். இத்தாலிக்காரன் பார்த்தால் அழுவான், அவனை யார் கூப்பிட்டார்கள்?

மொட்டைமாடி, நங்கநல்லூர்
ஞாயிறு, பகல் 11.20

நேற்று நடந்தது. ஐந்து லிட்டர் தண்ணீர் கொதிக்கும் என்று பார்த்தால், நுரை கட்டும் நேரத்தில் கேஸ் தீர்ந்துபோனது. ஐந்து பேரும் கைதட்டினார்கள். மாற்று சிலிண்டரை அம்மாவும் நானும் உருட்டிக்கொண்டுவந்து மாட்டினோம். மறுபடி கொதிக்கும்வரை அம்மா எல்லாருக்கும் காபி போட்டாள்.

பால் திரியவில்லை! மைதாவில் முதல் கரண்டி பால் விட்டதும் கெட்டிப்பட்டுக் கொழுக்கட்டை மாவு போல் ஆனது, கையெல்லாம் நடுங்கியது. "கிளறிண்டே இரு, வந்துடும்" என்று அம்மா பின்னாலிருந்து சொன்னாள், வந்தது. தக்காளி சேர்ந்ததும் கடையில் பார்க்கும் அதே நிறம். 9 நிமிஷத்தில் கடித்தேன், வெள்ளைப் புள்ளி தெரிந்தது, அதை எல்லாருக்கும் காட்டினேன், யாரும் மதிக்கவில்லை.

உப்புதான் கொஞ்சம் தூக்கல். எங்கள் தெருத் தண்ணீர் கரிக்கும் என்பது தெரிந்தும் மூன்று கரண்டி போட்டேன், மேலே சீஸிலும் உப்பு. கூடவே தயிர் வைத்துச் சாப்பிட்டோம். இதை இத்தாலிக்காரனிடம் சொல்லவேண்டாம். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "சேமியா மாதிரிதான் இருக்கு, கொஞ்சம் தடி" என்றாள். எங்கள் வீட்டில் அது பாராட்டு.

ஒரு டப்பா மிச்சம் ஃபிரிட்ஜில் இருக்கிறது. சூடாக்கினால் களியாகிவிடும் என்று பயம்.

கப்பல் கிச்சன், ராயபுரம்
ஞாயிறு, பகல் 12.10

நேப்பிள்ஸில் மீந்துபோன பாஸ்தாவை முட்டை அடித்து ஊற்றிக் கலந்து, தோசைக்கல் கனத்துக்கு இரண்டு பக்கமும் சிவக்கச் சுட்டு, துண்டு போட்டுச் சாப்பிடுவார்கள். மிச்சத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை. உன் வீட்டுச் சட்டம் தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மொட்டைமாடி, நங்கநல்லூர்
ஞாயிறு, பகல் 12.25

சட்டம் சமையலறைக்கு மட்டும்தான் அண்ணா. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவிடம் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு பழைய தவாவும் கேட்டிருக்கிறேன். அம்மா ஆறு மணிக்கு ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனால் ஏழரைக்குத்தான் வருவாள். ஒரு டப்பாவுக்கு எத்தனை முட்டை?