புதுப்பிப்பு: குழுவுக்கு வந்தவர் ஏன் நின்றுவிடுகிறார்?

மனச்சிதைவிலிருந்து தேறிவருபவரை வீட்டுக்கு வெளியே ஒரு குழுவில் சேர்ப்பது பற்றி முன்பு எழுதியிருந்தோம். இரண்டு வாரம் வந்தவர் அதற்குப் பிறகு அறையை விட்டே எழவில்லை, ஏன் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். ஓலன்சபைன், குளோசபைன் போன்ற மனச்சிதைவு மாத்திரைகளை இரவில் போட்டால் மறுநாள் காலை வெகுநேரம் மந்தம் இருக்கலாம். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வராதவரைச் சோம்பேறி என்பது அநியாயம், பதினொன்றுக்கு மாற்றுங்கள். மாத்திரை நேரத்தில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம்.

சில மருந்துகளால் கால் ஓரிடத்தில் நிலைகொள்ளாது. வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டம் அவருக்குத் தண்டனை. நாற்காலி போடுவது, தண்ணீர் எடுத்துவருவது என நடமாடும் வேலை கொடுங்கள். கை நடுங்கினால் டம்ளரில் பாதி டீ போதும். சிந்திய கூச்சத்திலேயே வராமல் போகிறவர்கள் உண்டு.

"இப்ப என்ன பண்றீங்க? கல்யாணம் ஆச்சா?" இந்த இரண்டையும் கேட்கக் கூடாதென்று மற்றவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். நம்மூரில் கஷ்டம்தான்.

1948இல் நியூயார்க்கில் மனநோயிலிருந்து தேறிவருபவர்களுக்காகத் தொடங்கிய ஃபவுண்டன் ஹவுஸ் என்ற மன்றத்தில் உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்தே வேலை பார்க்கிறார்கள். உறுப்பினராக இருக்கக் காலவரம்பு கிடையாது. அதைப் பின்பற்றலாம்: வராதவர் பெயரை அடிக்காதீர்கள். அவருக்குப் பழக்கமான ஒருவர் மட்டும் கூப்பிட்டு, "சனிக்கிழமை நாற்காலி போட ஆள் வேணும்" என்றால் போதும்.

தூக்கமே இல்லை, மாத்திரையையும் நிறுத்திவிட்டார் என்றால் குழுவை விடுங்கள், மருத்துவரிடம் போங்கள். யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.